கசப்பு என்று நான் எழுதிய தேநீர்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்குச் சீனத் தேநீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அவர்கள் கேட்டது கதை. கதை வரவில்லை, கையில் அகப்பட்டது அந்தத் தேயிலைப் பொட்டலந்தான். அடுப்பில் தீய்ந்த வைக்கோலை ஊறவைத்து வடித்த கஷாயம் என்றும், இதற்காகவா வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாக வெள்ளியைக் கொண்டுபோய்க் கொட்டினான் என்றும் எழுதினேன். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் எழுதியது சரி என்று நினைக்கிற பலவீனம் எழுத்தாளனுக்கு உண்டு. ஒரே ஒரு வாசகர் மட்டும் கார்டு போட்டிருந்தார். ஒரு வரிதான்: 'ஐயா, அதில் பால் ஊற்றினீர்களா?'

அதற்கு நான் பதில் போடவில்லை. பால் ஊற்றியிருந்தேன் என்பதுதான் காரணம்.

பால் மட்டுமா? எங்கள் எழுமலை வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் இரண்டு கைப்பிடி இலையைப் போட்டு, டீக்கடை பாய்லர் கொதிக்கிறாற்போல் கொதிக்கவிட்டு, பாலும் மூன்று கரண்டி சீனியும் சேர்த்து, ஆற்றிக் குடித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினேன். மதுரைப் பக்கத்தில் நாங்கள் சர்க்கரை என்று சொல்வதில்லை, சீனி என்போம். சீனாவின் பெயரால் வந்த சொல் என்பார்கள். சீனாவின் பெயரைக் கொண்ட வஸ்துவைப் போட்டே சீனாவின் சரக்கைக் கெடுத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பொட்டலத்தைக் கொண்டுவந்தவன் என் அக்காள் மகன். பினாங்கில் வேலை. அங்கே சீனக் கடைத் தெருவும் நம்மவர் கடைத் தெருவும் அடுத்தடுத்து இருப்பவை. அவன் குடியிருப்பது இரண்டுக்கும் நடுவே. நூறு கிராம், நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் என்று சொன்னான். நான் பாதியைப் பாழாக்கிவிட்டு, மீதியை டப்பாவில் அடைத்து அலமாரியில் வைத்தேன். எறிய மனம் வரவில்லை. ரசனை இல்லாவிட்டாலும் விலை தெரிகிறதே.

இந்த விஷயத்தில் எனக்கு முன்னால் வாபஸ் வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். யுவான் மெய் என்று சீனத்துக் கவிஞர், 1716-ல் பிறந்தவர். நல்ல சாப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய சமையல் நூல் 1792-ல் அச்சாயிற்று. சாப்பாட்டு விஷயத்தில் பொல்லாத விமர்சகர். ஊரார் மெச்சும் பண்டத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் தாக்குவார். வூயீ மலைத் தேநீரை அவருக்குப் பிடிக்காது. கெட்டியாக, கசப்பாக, மருந்து குடிக்கிறாற்போல் இருக்கிறது என்பது அவர் கட்சி. 1786-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில், எழுபது வயதில், அந்த மலைக்கே போனார். கோயில்களில் இருந்த துறவிகள் போட்டி போட்டுக்கொண்டு தேநீர் கொடுத்தார்கள். அக்ரூட்டுக் கொட்டை அளவு கிண்ணம், எலுமிச்சை ஜாதிக் காய் அளவு கூஜா. ஒரு மடக்குக்குக்கூடக் காணாது. அதனால் மடக்கென்று விழுங்க மனசு வராமல், முதலில் முகர்ந்து, பிறகு நாக்கில் வைத்து, மெதுவாகச் சப்பிக் குடித்தார். குடித்த பிறகு, தாம் அதுவரை தலையில் வைத்துக்கொண்டாடிய லோங்ஜிங் தேநீர் தெளிவாக இருந்தாலும் மெலிவு என்று எழுதிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது அவர் மனம் மாறியது அல்ல. மனம் மாறுவதற்குக் காரணமான விஷயத்தை மறைக்காமல் எழுதினாரே, அதுதான். இலை மாறவில்லை. கிண்ணம் சின்னதாயிற்று, அவசரம் போயிற்று. அவ்வளவே. பெரிய கிண்ணத்தில் குடித்தபோது மருந்து. சின்னக் கிண்ணத்தில் குடித்தபோது அமிர்தம். ஒரு நாவலை ரயிலில் படித்துவிட்டுத் தூக்கி எறிந்த பாவத்தை நானும் செய்திருக்கிறேன், என் நாவல்களை அப்படி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் யுவான் மெய் சாட்சி சொல்லக்கூடியவர்.

இனி இலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊலாங் என்றால் 'கரிய டிராகன்' என்று அர்த்தமாம். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கிறதல்லவா? தேயிலையும் கசங்கினால் அப்படிச் சிவக்கும். சிவக்க விடாமல் உடனே சூடு காட்டி நிறுத்தினால் பச்சைத் தேயிலை. முழுக்கச் சிவக்க விட்டால் நம் டீக்கடைத் தேயிலை. ஊலாங் இரண்டுக்கும் நடுவே நிற்பது. கொழுந்தை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் போட்டுக் குலுக்குகிறார்கள். விளிம்பு மட்டும் கசங்கும். குலுக்குவது, ஆறப்போடுவது, மறுபடி குலுக்குவது என்று ராத்திரி முழுக்க நடக்கும் வேலை. விளிம்பு சிவந்து நடு இலை பச்சையாக நிற்கும் சமயம் பார்த்துச் சூடான சட்டியில் புரட்டி நிறுத்திவிடுவார்கள். அந்தச் சமயத்தைச் சொல்வது கடிகாரமல்ல, மூக்கு. பச்சை வாடை போய்ப் பூ வாசனை எழும்பும் நேரம் அது.

அதன்பிறகு வறுப்பது. வறுப்பது என்ற சொல்லே கொஞ்சம் பிசகு. நாம் காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரி நேர் நெருப்பில் புரட்டுவதில்லை. கரியைப் பற்றவைத்து, ஜுவாலை அடங்கிக் கனலானதும் சாம்பலைப் போட்டு மூடுகிறார்கள். நீறு பூத்த நெருப்பு என்று நம்மில் சொல்கிறோமே, சாட்சாத் அதுவேதான். அதன்மேல் மூங்கில் கூடையில் இலையை வைத்து மணிக்கணக்காகக் காய விடுவார்கள். பிறகு எடுத்து ஆறப்போட்டு, வாரக்கணக்கோ மாதக்கணக்கோ கழித்து மறுபடி ஏற்றுவார்கள். புதிதாக நெருப்பிலிருந்து வந்த சரக்கில் அனல் வாடை அடிக்கும். அது அடங்கச் சில மாதம் பொறுக்க வேண்டும். நன்றாக வறுத்து, காற்றுப் புகாமல் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. என் அலமாரி டப்பாவுக்கு அடித்த யோகம் அதுதான்.

வறுவலைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நெருப்பு எல்லாவற்றையும் மூடும். போன வருஷத்துச் செத்த இலை, மழையில் பறித்த இலை, குலுக்கலில் தவறிய இலை, எதையும் கறுக்க வறுத்துவிட்டால் கரி வாசனை ஒன்றே மிஞ்சும். வாங்குகிறவன் அதையே 'பாரம்பரியம்' என்று நினைத்துக்கொள்வான். நம்மிடத்திலும் சில வசனநடைகள் இப்படி இருக்கின்றன. அலங்காரத்தின் அனலில் விஷயம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. சோதிக்க வழி ஒன்று உண்டு. நாலாவது, ஐந்தாவது தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். கரி மூன்றாவது தண்ணீரோடு ஓடிவிடும். இலை நல்ல இலையானால் அதற்குப் பிறகுதான் பேசும்.

வூயீ மலை ஃபூஜியான் மாகாணத்தில் இருக்கிறது. பாறை மலை. பாறை இடுக்கில் வளரும் செடியின் இலைக்குப் பாறைத் தேயிலை என்றே பெயர். நாம் தேயிலை என்கிறோமே, அந்த 'தே' என்ற எழுத்தும் ஃபூஜியான் துறைமுகத்தார் பேச்சிலிருந்து கப்பலேறிய சொல்தான். மலாய்க்காரர் 'தே' என்கிறார், டச்சுக்காரர் 'தே' என்றார், ஆங்கிலேயர் 'டீ' ஆக்கினார். 'சாயா' என்பது சீனத்தின் மற்றப் பகுதிகளின் 'சா'விலிருந்து வேறு வழியாக வந்தது. அந்த மலையின் இலையைத்தான் வெள்ளைக்காரர் ஒரு காலத்தில் 'போஹீ' என்று வாங்கினார்கள்; வூயீ என்பதன் திரிபு. 1849-ல் ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மாறுவேஷத்தில் அந்த மலைக்கே போய்வந்தார். கம்பெனிக்காக அவர் சேகரித்த செடிகளும், அழைத்து வந்த சீனத் தொழிலாளர்களும் இமயமலைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

நம் நீலகிரிக்கு வந்த சீனர்கள் வேறு வழியாக வந்தவர்கள், கைதிகளாக. மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து சென்னை ராஜதானிச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டு, நடுவட்டத்தில் அடைபட்டு, சின்கோனாத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அங்கே தேயிலை பதம் பண்ணக் கற்றுக்கொடுத்ததும் அவர்களே என்று மலையில் சொல்வார்கள். விடுதலையானபின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அந்த வட்டாரத்திலேயே குடியேறினார்கள். அந்தக் குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து, அளவுகோலும் கையுமாக அளந்து, எழுதிவைத்திருக்கிறார். மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர்கள் வீட்டில் என்ன தேநீர் குடித்தார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் கதைகளை நான் பொருட்படுத்துவதில்லை. தா ஹோங் பாவ் என்று ஒரு ரகம். 'பெரிய செவ்வங்கி' என்று அர்த்தம். அதன் இலை ஒரு வியாதியைக் குணமாக்கியதற்காகச் செடிக்கே அங்கி போர்த்தினார்கள் என்பது ஐதிகம். அந்தத் தாய்ச் செடிகள் ஆறு, பாறைச் சுவரில் இன்னமும் இருக்கின்றன. 2006 முதல் அவற்றில் பறிப்பதற்குத் தடை. 2005-ல் பறித்த கடைசிச் சரக்கில் 20 கிராமைப் பீக்கிங் தேசிய மியூசியத்தில் வைத்துவிட்டார்கள். ஆகையால் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பதியன் செடியின் இலை, அல்லது பல ரகம் கலந்த கலவை. அதனால் குற்றமில்லை. பெயருக்காக விலை கொடுப்பதுதான் குற்றம். ஷுய் ஷியான் என்று கேட்டு வாங்கினால் பாதி விலையில் சுகமாகக் குடிக்கலாம். உடம்பு இளைக்கும் என்று சொல்லி விற்கிற ஊலாங் தூளைப் பற்றி எனக்கு அபிப்பிராயமே கிடையாது. அது தேநீர் விஷயமல்ல, இடுப்பளவு விஷயம்.

ஜப்பானியரான ஒகாகுரா 1906-ல் இங்கிலீஷில் எழுதிய தேநீர்ப் புத்தகத்தைப் பலர் படித்திருப்பீர்கள். அழகான புத்தகம். ஆனால் அதில் ஒரு பாரபட்சம் இருக்கிறது. இலையைக் காய்ச்சிய காலம், பொடியைக் கடைந்த காலம், ஊறவைத்த காலம் என்று மூன்றாகப் பிரித்து, கடைசிக் காலத்துச் சீனனுக்குத் தேநீர் வெறும் ருசியான பானமாகிவிட்டது, அதில் லட்சியம் போய்விட்டது என்று வருத்தப்படுகிறார். அவர் சரிவு என்று கண்ட அந்தக் கடைசிக் காலத்தில்தான், பதினேழாம் நூற்றாண்டு வாக்கில், இந்த நடுப்பதத் தேயிலையின் கைவேலை உருவாயிற்று. லட்சியம் போய் ருசி வந்தால் அது நஷ்டமா? ராத்திரி முழுக்கத் தூங்காமல் தட்டுக் குலுக்குகிறவனிடம் லட்சியம் இல்லை என்று எப்படிச் சொல்வது? தத்துவம் பேசாதவன் தத்துவம் இல்லாதவன் என்று படித்தவர்கள் நினைத்துவிடுகிறோம்.

போன தை மாதம் அக்காள் மகன் ஊருக்கு வந்தான். அலமாரியில் டப்பாவைப் பார்த்துத் திறந்து முகர்ந்தான்.

"மாமா, இன்னும் இருக்கா இது? குடிக்கவே இல்லையா?"

"குடிச்சேனே. கசந்துச்சு."

"இதுல பாலா ஊத்துனீங்க?"

கார்டு எழுதிய வாசகரும் இவனும் கூடிப் பேசிக்கொண்டார்களோ என்று சந்தேகம் வந்தது.

கேன் தண்ணீர் வாங்கிவரச் சொன்னான். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் லு யூ என்பவர் தேநீருக்கு மலைத் தண்ணீர் உத்தமம், ஆற்றுத் தண்ணீர் மத்திமம், கிணற்றுத் தண்ணீர் அதமம் என்று வகுத்தார். கேன் தண்ணீருக்கு அவரிடம் இடமில்லை. எழுமலையில் மேற்கே மலை தெரிகிறது. அதன் தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மூடி போட்ட ஒரு பீங்கான் கிண்ணம், கையகலந்தான், அவன் பெட்டியில் கொண்டுவந்திருந்தான். அதில் ஏழு கிராம் இலை. பாதிக் கிண்ணத்துக்கு மேல் இலையே நின்றது. நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, உடனே கொட்டினான். அது இலையைக் கழுவி விழிக்கவைக்க. மறுபடி ஊற்றி, பத்து எண்ணி, வடித்தான். அடுத்த தடவை பதினைந்து எண்ணினான். தடவைக்குத் தடவை கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றான். மூடியை எடுத்து முகரச் சொன்னான். காய்ச்சிய நெய்யின் அடிக்கசடு, ஈரப் பாறை, எங்கோ தூரத்தில் ஒரு பூ. இதைத் தீய்ந்த வைக்கோல் என்று எழுதினவன் நான்தான்.

கசப்பு இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விழுங்கி ஒரு நிமிஷம் ஆனதும் தொண்டையிலிருந்து இனிப்பு திரும்பி வந்தது. நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனர்கள் இதற்குத் 'திரும்பும் இனிப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றிக் குடிக்கும் நம் டீயில் இது வராது. அங்கே சீனி முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அந்தச் சமயத்தில் அத்தை வந்தாள். என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் 5,25,000 பேர் என்று கணக்கானது. அந்தக் கணக்கில் அத்தையும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, முப்பத்திரண்டு வயதில் எழுமலைக்கு வந்து சேர்ந்தாள். இப்போது எண்பது தாண்டிவிட்டது.

"என்னப்பா இது, பச்சைப்பிள்ளைக்கு மருந்து ஊத்துற அளவுல வச்சுக் குடிக்கிறீங்க?" என்று சிரித்தாள். யுவான் மெய்யும் மருந்து என்றுதான் ஆரம்பித்தார்.

"குடிச்சுப் பாருங்க பாட்டி. பால் கிடையாது, சீனி கிடையாது."

"எனக்கென்ன, லயத்துல வெறும் தேத்தண்ணிதானே. கருப்பட்டித் துண்டைக் கடிச்சுக்கிட்டு ஒரு செம்பு குடிப்போம்."

கிண்ணத்தை வாங்கினவள் வாயில் வைக்கவில்லை. மூக்கின் கீழே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எங்கள் இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"இந்த வாசனை எனக்குத் தெரியும்ப்பா. தேத்தண்ணில இல்ல. ஸ்டோர்ல. கொழுந்தை மேல்மாடில வாடப் போட்டு, சாயங்காலம் அள்ளப் போவோம்ல, அப்ப வரும். மாடி முழுக்க வரும். அப்புறம் அரைச்சு, சிவக்கப் போட்டு, காயப் போட்டா இது போயிரும். எங்க போச்சுன்னு நானும் அந்த ஆளுகிட்டக் கேட்டிருக்கேன்." அந்த ஆள் என்பது மாமா. ஸ்டோரில் உருளை மிஷினில் வேலை. இங்கே வந்த இரண்டாம் வருஷமே போய்விட்டார்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீனத்து ஆள் மூக்கால் கண்டுபிடித்து நிறுத்துகிற அந்தச் சமயத்தை, இலங்கைத் தோட்டத்தில் தினமும் சாயங்காலம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். தாண்டிப் போகாவிட்டால் கறுப்புத் தேயிலை ஆகாது. பாலுக்கும் சீனிக்கும் ஈடுகொடுக்கும் சாயம் அதற்குத்தான் உண்டு. அந்தச் சாயத்தை மேலும் கூட்டத்தான் 1930-களில் அஸ்ஸாமில் இலையை நறுக்கிச் சிதைக்கிற யந்திரம் வந்து, அதன் மணி மணியான தூள் நம் கடைக் கிளாஸை நிரப்பியது. அந்த டீயை நான் குறை சொல்லவில்லை. அதிகாலை நாலு மணிக்கு உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு ஏழு கிராம் இலையும் பத்து எண்ணுவதும் உதவாது. ஆனால் அந்த மேல்மாடி வாசனைக்கு மட்டும் குடிக்கிற ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஐந்து தண்ணீர் வரை அத்தை குடித்தாள். "மொதத் தண்ணி நெருப்பு. ரெண்டாவதும் நெருப்புதான். நாலாவதுலதான் கொழுந்து வருது" என்றாள். நான் இரண்டு புத்தகம் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது. விலை கேட்டாள். அக்காள் மகன் வாயைத் திறக்குமுன் நான் "இருநூறு ரூபா" என்று சொல்லிவிட்டேன். அதற்கே "அம்மாடி" என்றாள். ஒரு நாளைக்கு இத்தனை ராத்தல் கொழுந்து கொடுத்தால்தான் முழுப் பேர் என்று வாழ்ந்தவளிடம் வேறு என்ன சொல்வது?

பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து, ஊறிய இலைகளைத் தட்டில் கொட்டினாள். கறுத்துச் சுருண்டு கிடந்தவை தண்ணீரில் விரிந்து முழு இலையாகியிருந்தன. ஒன்றை விரலால் நீவிவிட்டாள். விளிம்பில் சிவப்பு, நடுவில் வறுவலையும் மீறி ஒரு பச்சை. காம்போடு மூன்று இலை, நுனியில் மொட்டு இல்லை. கொழுந்து விரிந்து முற்றினபிறகு பறித்தால்தான் இந்த வகைக்கு ஆகும்.

"இங்க பாரு, மூணு இலையும் முத்தல். ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு கிள்ளணும். இதைக் கூடைல போட்டிருந்தா கங்காணி எனக்கு அரைப் பேர்தான் போட்டிருப்பார்" என்றாள்.

இன்னொரு தண்ணீர் ஊற்றலாமா என்று அக்காள் மகன் கேட்டான். ஊற்றச் சொல்லி, நீவின இலையைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள்.